பலகையை மிதித்தவர் யார்?

அந்தமானின் ஒரு முனையில் பாட்டுகள் ஒலிநாடாவாகச் சுருங்கிவிட்டன. மறுமுனையில் கிட்டாரோடு வளர்கின்றன. இடையில் நிற்கிறது ஒரு கேள்வி: பாட்டு யாருக்குச் சொந்தம்?

பங்குனி உத்திரத்தன்று போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயில் பக்கம் போனால், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் தாண்டி வந்திருப்பது மறந்துபோகும். காவடிகள் ஆடி வருகின்றன. மேளச் சத்தத்தில் பஸ் ஹாரன்கூடக் காதில் விழுவதில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோரும் உண்டு. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது தீவுக்கே உரிய இந்துஸ்தானியில்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. பெயர்ப் பலகைகள் மாறினாலும் பலர் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். பெயர் மாறுவது இந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. ஆட்கள் மாறுவதும்தான்.

1858-ல் ஆங்கிலேயர்கள் இங்கே கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1921 மலபார் கலவரத்துக்குப் பிறகு மாப்பிள்ளைகள் வந்தார்கள். சோட்டா நாக்பூரிலிருந்து ஒராவோன், முண்டா, கரியா ஆதிவாசிகள் 1918 முதல் காடு வெட்டும் கூலிகளாக வந்தார்கள். இங்கே அவர்கள் அனைவருக்கும் ஒரே பெயர்: ராஞ்சி. 1925-ல் பர்மாவிலிருந்து கரேன் குடும்பங்கள் வந்தன. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காள அகதிகள் வந்தனர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள் தொகை 3.8 லட்சம். அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம்.

மூட்டை முடிச்சு அதிகம் இல்லாமல் வந்தவர்கள். ஆனால் பாட்டுக்குக் கப்பலில் கட்டணம் கிடையாது. ராஞ்சிக்காரர்களோடு மாந்தர் மத்தளமும் ஜுமர் ஆட்டமும் வந்தன. வங்காளிகளோடு கீர்த்தனம். தமிழர்களோடு காவடிச் சிந்து. போர்ட் பிளேர் வானொலி நிலையத்துக்கு இவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் திருப்திப்படுத்த வேண்டிய சங்கடம் உண்டு. எல்லோரையும் ஒன்றாகத் திருப்திப்படுத்தும் ஒரே சரக்கு இந்தி சினிமாப் பாட்டு.

தமிழர்களுக்கோ அந்தமான் என்றதும் வேறு இரண்டு நினைவுகள். 1978-ல் சிவாஜி நடித்த 'அந்தமான் காதலி'. இசை எம்.எஸ். விஸ்வநாதன். 1996-ல் பிரியதர்ஷனின் 'சிறைச்சாலை'. இசை இளையராஜா. இரண்டுமே சென்னையிலிருந்து தீவுக்குப் போன இசை. தீவிலிருந்து சென்னைக்கு வந்த பாட்டு எது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

அப்படியானால் தீவின் சொந்தப் பாட்டு எங்கே? அதைத் தேடிப் போகிறவர் வடக்கேயும் போக வேண்டும், தெற்கேயும் போக வேண்டும். வடக்கே பஸ். தெற்கே கப்பல்.

நிற்காத பஸ்

வடக்கே போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி வந்ததும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நினைத்த நேரத்தில் போக முடியாது. போலீஸ் காவலோடு, குறிப்பிட்ட நேரத்தில், மொத்தமாகத்தான் விடுவார்கள். வழியில் நிற்கக் கூடாது. ஜன்னலை விட்டுக் கை நீட்டிப் படம் எடுக்கக் கூடாது. இருபுறமும் ஜாரவா பழங்குடிகளின் காடு.

ஜாரவாக்கள் பாடாதவர்கள் அல்ல. தங்களுக்காகப் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். ஆனால் அவர்களது ஆட்டம் வெளியுலகில் பேசப்பட்டது மிகக் கேவலமான ஒரு காரணத்துக்காக. உணவைக் காட்டி ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் ஆடவைத்த வீடியோ 2012 ஜனவரியில் வெளியாகி நாடே தலைகுனிந்தது. பழங்குடிகளைப் பாதுகாக்கும் 1956-ம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அதே ஆண்டு கடுமையாக்கப்பட்டது. இன்று இந்தச் சாலையில் படம் பிடிப்பது சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். இசைப் பிரியர்களுக்கு இது வருத்தம் தரலாம். ஆனால் கேட்க உரிமை இல்லாத பாட்டும் உலகில் உண்டு என்பதை ஏற்றுக்கொள்வதுதான் இந்தப் பயணத்தின் முதல் பாடம். பஸ் நிற்காமல் போகிறது. காடு தன் பாட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸோடு படகில் ஏறி பாராடாங் தீவில் இறங்கினால் ராஞ்சிக்காரர்களின் ஊர்கள். இன்னும் வடக்கே, மாயாபந்தர் பக்கத்தில், கரேன் மக்களின் வெபி கிராமம். அந்தப் பெயருக்கு 'மறைந்த நகரம்' என்று பொருள். பர்மாவிலிருந்து ஞானப்பாட்டுப் புத்தகத்தோடு வந்த கிறிஸ்தவர்கள் இவர்கள். மூன்று தலைமுறை தாண்டியும் கரேன் மொழியில் சேர்ந்திசை பாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்தின் பக்கம் போனால் அந்தமானில் இருக்கிறோமா, ஐராவதிக் கரையில் இருக்கிறோமா என்ற மயக்கம் வரும்.

இவையெல்லாம் குடிவந்த பாட்டுகள். முதலிலேயே இங்கு இருந்த பாட்டைக் கேட்க, வந்த வழியே கொஞ்சம் திரும்ப வேண்டும். பாராடாங்குக்குக் கிழக்கே கடலில் இருக்கிறது ஸ்ட்ரெய்ட் தீவு. அரசு அனுமதி இல்லாமல் அங்கே யாரும் இறங்க முடியாது. மாபெரும் அந்தமானியர் என்று மானிடவியல் நூல்கள் அழைக்கும் பத்துக் குலங்களின் மிச்சத்தை அரசு 1970-ஐ ஒட்டி அங்கேதான் குடியேற்றியது. பெயரில் மட்டுமே 'மாபெரும்'. ஆங்கிலேயர் வந்தபோது இவர்கள் சுமார் 5,000 பேர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. சண்டையும் அம்மையும் மேகநோயும் போக, 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர். பிறகு எண்ணிக்கை ஐம்பதை ஒட்டி ஏறியது. பலர் இப்போது போர்ட் பிளேரிலேயே வசிக்கிறார்கள். வீட்டில் பேசுவது இந்தி.

தினம் ஒரு புதுப்பாட்டு

இவர்களுடைய பாட்டைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் எம்.வி. போர்ட்மன். அந்தமானியர்களுக்குப் பொறுப்பான ஆங்கிலேய அதிகாரி. 1880-ல் வடக்கு சென்டினல் தீவிலிருந்து ஆறு பேரைப் பிடித்துக்கொண்டு வந்ததும், அதில் இரண்டு பேர் நோயில் செத்ததும் இவர் காலத்துக் கதைதான். அதே மனிதர் 1888-ல் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் அந்தமானிய இசை பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஆளைப் பிடித்தவரே பாட்டையும் பிடித்தார்.

அவர்களுக்கு இருந்த ஒரே வாத்தியம் ஒரு மரப்பலகை. படாக் மரத்தில் கேடயம் போலக் குடைந்தது. நாலைந்து அடி நீளம். குழிந்த பக்கம் கீழே பார்க்க, குறுகிய முனையை மண்ணில் செருகி வைப்பார்கள். பாடுபவர் அதன் மேல் ஒரு காலை வைத்து, மிதித்துத் தாளம் போடுவார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தொடையில் கைதட்டிப் பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். ஆண்கள் ஆடுவார்கள். சில சுரங்களுக்குள்ளேயே சுற்றிவரும் மெட்டு. தாளத்துக்குப் பொருந்தாத சொல்லை இழுத்தும் வெட்டியும் பொருத்திவிடுவார்கள். மெட்டுக்குப் பாட்டு எழுதும் கோடம்பாக்கத்துக் கவிஞர்களுக்கு இந்த நியாயம் உடனே புரியும்.

1906 முதல் 1908 வரை இங்கே ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரௌன், 1922-ல் வெளியிட்ட 'அந்தமான் தீவினர்' நூலில் இன்னும் வியப்பான ஒன்றைச் சொல்கிறார். அவர்களிடம் பரம்பரைப் பாட்டே கிடையாது! ஒவ்வொருவரும் தன் பாட்டைத் தானே கட்டுவார். படகு குடையும்போது, துடுப்புப் போடும்போது, வில் செதுக்கும்போது வாய்க்குள் முணுமுணுத்து மெருகேற்றுவார். திருப்தி வந்ததும் பல்லவியைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆட்ட இரவுக்காகக் காத்திருப்பார். அன்றைக்குப் பலகையை மிதித்துப் பாடுவார். கூட்டம் ரசித்தால் மறுபடி பாடுவார். ரசிக்காவிட்டால் பாட்டு அதோடு சரி. ஆட்டத்தில் ஒருவர் கட்டிய பாட்டை இன்னொருவர் பாட மாட்டார்.

நாகரிகம் இல்லாதவர்கள் என்று ஏட்டில் எழுதப்பட்ட மக்களிடம் இப்படி ஒரு விதி. எழுத்து இல்லை, கோர்ட் இல்லை, ராயல்டி இல்லை. ஆனாலும் எந்தப் பாட்டு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 'பாரம்பரியம்', 'நவீனம்' என்று இன்று இசை விழாக்களில் போடும் கோட்டுக்கும் அங்கே இடமில்லை. பாடும் முறை பழையது. பாட்டோ அந்த வாரத்தில் கட்டியது.

இந்த விதிக்கு ஒரு கொடூரமான மறுபக்கமும் உண்டு. பாட்டைப் பாட உரியவர் அதைக் கட்டியவர் என்றால், கட்டுபவர்கள் எல்லோரும் போய்விட்ட பிறகு புதுப்பாட்டு எங்கிருந்து வரும்?

நாடாவில் ஒரு குரல்

2010 ஜனவரி 26. தலைநகரில் குடியரசு தின அணிவகுப்பு நடந்த அதே நாளில் போவா சீனியர் என்ற மூதாட்டி காலமானார். வயது சுமார் 85. போ மொழியின் கடைசிப் பேச்சாளர். 2004 சுனாமியில் பிழைத்தவர். பேச்சுத்துணைக்குத் தன் மொழியில் ஆள் இல்லாததால் பறவைகளிடம் பேசிக்கொண்டிருப்பார் என்று அவரோடு பழகிய மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி பதிவு செய்திருக்கிறார்.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அப்பி 2005 முதல் இந்த மொழிகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். அகராதி தொகுத்தார், இலக்கணம் எழுதினார். 2013-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2021-ல் அவர் வெளியிட்ட நூலில் மாபெரும் அந்தமானியரின் 10 கதைகளும் 46 பாட்டுகளும் இருக்கின்றன. மறந்துபோன பாட்டை நினைவின் அடியிலிருந்து ஒவ்வொரு வரியாக மேலே கொண்டுவந்தவர்கள் போவாவும் அவரைப் போன்ற ஒருசில முதியவர்களும். அவர்களில் ஒருவரான, சாரே மொழி அறிந்த லிச்சோவும் 2020 ஏப்ரலில் இறந்தார்.

போவாவின் குரலை இன்று யார் வேண்டுமானாலும் கணினியில் கேட்கலாம். வயதான, அவசரம் இல்லாத குரல். பின்னால் பல்லவி பாட ஆள் இல்லை. கைதட்டல் இல்லை. பலகை இல்லை. இதைக் கேட்கும்போது ஒரு திறமையான ஸ்டூடியோக்காரருக்கு என்ன தோன்றும்? கீழே கொஞ்சம் தாளம் சேர்க்கலாம், கீபோர்டில் ஒரு விரிப்பு விரிக்கலாம், நல்ல பாட்டாகிவிடும் என்று தோன்றும்.

அப்படித் தோன்றியவர்கள் வேறு தீவுகளின் விஷயத்தில் என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்த்திருக்கிறது.

தாலாட்டு போன வழி

'வேர்ல்ட் மியூசிக்' என்ற பெயரே ஒரு கடை அலமாரிக்காகப் பிறந்தது. 1987 கோடையில் லண்டன் மதுக்கடை ஒன்றின் மாடியில் சிறிய இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கூடினார்கள். ஆப்பிரிக்க, ஆசிய இசைத்தட்டுகளைக் கடையில் எந்தத் தட்டில் அடுக்குவது என்பதுதான் பிரச்னை. அதற்குக் கண்டுபிடித்த லேபிள் இது. பிற்பாடு அதுவே ஓர் இசை வகையாகி, கிராமி விருதிலும் இடம்பிடித்தது. மேலைநாடு அல்லாத எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடும் பெயர் என்ற விமர்சனம் வலுத்ததால் 2020-ல் கிராமி அதை 'குளோபல் மியூசிக்' என்று மாற்றிக்கொண்டது.

லேபிள் பிறந்த ஐந்து வருடத்தில் 'டீப் ஃபாரஸ்ட்' என்ற பிரெஞ்சு இரட்டையர் ஒரு தாலாட்டை உலகம் முழுக்க ஒலிக்க வைத்தார்கள். மெல்லிய தாளம், மேலே ஒரு பெண் குரல். மத்திய ஆப்பிரிக்கக் காட்டுப் பாட்டு என்று பலர் நம்பினார்கள். நிஜத்தில் அது பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் உள்ள மலைட்டாவில், பைகு இனத்தைச் சேர்ந்த அஃபுனக்வா பாடியது. ஹூகோ செம்ப் என்ற இசை ஆய்வாளர் 1970 வாக்கில் பதிவு செய்து யுனெஸ்கோ தொகுப்பில் வெளியிட்டிருந்தார். இப்படிப் பயன்படுத்தத் தாம் சம்மதிக்கவில்லை என்று செம்ப் பிறகு எழுதினார். தாலாட்டு விளம்பரப் படங்களுக்கும் போனது. 1996-ல் நார்வேயின் புகழ்பெற்ற சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பரெக் அதே மெட்டை வாசித்து 'பிக்மி தாலாட்டு' என்று பெயரிட்டார். ஆப்பிரிக்கப் பிக்மிகளுக்கும் அந்த மெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பெண் தன் மொழியில் பாடியது இரண்டே கை மாறியதில் கண்டம் விட்டுக் கண்டம் போய்விட்டது.

தைவான் தீவின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங் என்ற முதியவரும் அவர் மனைவியும் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். 1988-ல் பிரான்சில் அவர்கள் பாடியதன் பதிவை 'எனிக்மா' குழு 1990களின் தொடக்கத்தில் தன் ஹிட் பாட்டில் சேர்த்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் விளம்பரத்திலும் அது ஒலித்தது. ஊரில் இருந்த தம்பதிக்குப் பிறகுதான் சங்கதி தெரிந்தது. 1998-ல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு சமரசம். பெயரும் பங்கும் கிடைத்தன.

தமிழர்களுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. ஒப்பாரியின் வேரும் ராப் இசையின் வேகமும் கலந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை வைத்துத் தெருக்குரல் அறிவு எழுதியது. பாடியவர்கள் அறிவும் தீயும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களின் கதையும் அந்தப் பாட்டியின் கதையும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு கிளைகள். அந்தப் பாட்டைக் கொண்டாடி அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பிரபல இசை இதழ் அட்டைப்படம் போட்டபோது அறிவின் முகம் அதில் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. யார் கட்டியது, யார் சேர்த்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் அதற்குப் பிறகும் நடந்தது. கூட்டாகச் செய்த பாட்டில் பங்கு பிரிப்பது எளிதல்ல. ஆனால் பாட்டியின் பெயர் பாட்டிலேயே இருந்ததால்தான் அந்த வாதமாவது நடந்தது. அஃபுனக்வாவுக்கு அதுவும் இல்லை.

ஊர் பேர் தெரியாத பாட்டு என்றால் இசைத்தட்டில் கவிஞர், இசையமைப்பாளர் பெயருக்கு நேரே 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டுவிடுவது வழக்கம். மரியாதை மாதிரித் தெரிகிறது. நடைமுறையில் அதன் பொருள், இதற்கு யாருக்கும் பணம் தர வேண்டாம் என்பது. அந்தமானியப் பாட்டுக்கு அந்தச் சொல் இரட்டிப்புப் பொய். அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஆள் இருந்தார். பலகையை மிதித்தவர்.

தெற்கே போகும் கப்பல்

கலப்பதே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. அதற்குப் பதில் சொல்கிறது நிகோபார்.

போர்ட் பிளேரிலிருந்து கார் நிகோபார் கப்பலில் ஓர் இரவுப் பயணம். சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. வேலையாகப் போகும் இந்தியரும் பாஸ் வாங்க வேண்டும். தட்டையான, தென்னை சூழ்ந்த தீவு. முஸ், மலக்கா, பெர்கா என்று ஊர்கள். நிகோபாரிகளின் பழைய ஆட்டத்துக்குக் கொட்டு தேவையில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாக நின்று, கால் பெயர்த்து, குரலாலேயே தாளத்தை நடத்துவார்கள். மூங்கிலில் நரம்பு கட்டிய ஒரு கருவியும் அவர்களிடம் இருந்தது. இறந்த பெரியவர் நினைவாக நடக்கும் பன்றித் திருவிழாவில் ஆட்டம் விடிய விடிய நடக்கும்.

இந்தத் தீவின் இசையை மாற்றிய கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு வரி உண்டு. 1890களில் முஸ் கிராமத்தில் பள்ளிக்கூடமும் ஜெபக்கூடமும் நடத்தியவர் சென்னை மாகாணத்துக் கிறிஸ்தவரான வேதப்பன் சாலமன். அங்கே அவர் எழுதிய நாட்குறிப்புகளின் பகுதிகள் 1902-ல் லண்டன் மானிடவியல் இதழில் அச்சாயின. அவரிடம் படித்த ஹா-செவ்-கா என்ற நிகோபாரிச் சிறுவன் பர்மாவில் மேற்கொண்டு படித்து, ஜான் ரிச்சர்ட்சனாகத் திரும்பி வந்தார். ஆசிரியரானார், பிஷப் ஆனார், 1952-ல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். பைபிளை நிகோபாரி மொழிக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அவருடையது. 1978-ல் அவர் மறைந்தபோது கார் நிகோபாரின் பெரும்பாலான வீடுகளில் ஞானப்பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது, அதுவும் சொந்த மொழியில்.

இழப்பு இல்லாமல் இல்லை. பழைய ஆவி வழிபாட்டோடு ஒட்டியிருந்த சடங்குகள் பல போயின. அவற்றோடு பாட்டுகளும் போயிருக்கும். ஆனால் நடந்த முறை வேறு. வெளியே இருந்து ஒருவர் வந்து பாட்டைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. வெளியே இருந்து வந்த பாட்டை இவர்கள் பிடித்துவைத்துக்கொண்டார்கள். வட்ட ஆட்டத்தில் பழகிய குரல்களுக்குப் பல குரல் சேர்ந்திசை அந்நியமாகப் படவில்லை. பிறகு கிட்டார் வந்தது. கேசட் வந்தது. கீபோர்டும் செல்போனும் வந்தன. இன்று நிகோபாரி இளைஞர்கள் தங்கள் மொழியில் பாட்டுக் கட்டி, கிட்டார் வாசித்து, வீடியோவும் எடுத்து வெளியிடுகிறார்கள். அதில் ரெகே சாயல் இருக்கலாம், இந்தி சினிமா சாயல் இருக்கலாம். பாடுபவர் யார் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

2004 டிசம்பர் 26 காலையில் வந்த அலை இந்த ஊர்களை அடியோடு பெயர்த்தது. அந்தமான் நிகோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 3,000-க்கும் மேல். பெரும் பகுதி நிகோபார் தீவுகளில். 2000-ம் ஆண்டின் முதல் சூரியோதயம் என்று நாடெங்கும் விளம்பரமான கச்சால் கடுமையாக அடிபட்டது. ஊர்கள் கடற்கரையை விட்டு உள்ளே நகர்ந்தன. நிவாரணமாக வந்த பொருள்களோடு புதுப்புது வழக்கங்களும் வந்தன. பாட்டு அதையும் தாண்டி வந்தது. காரணம் எளிது. பாடுபவர்கள் ஒன்றாக இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் நிகோபாரிகள் சுமார் 27,000 பேர். வட்டம் கட்டுவதற்குத் தோள்கள் போதுமான அளவு இருந்தன.

தோள்கள் மட்டும் போதாது, நிற்க இடமும் வேண்டும். சுனாமிக்குப் பிறகு கிரேட் நிகோபாரின் கடலோரக் கிராமத்தவர்கள் காம்ப்பெல் பே பக்கம் குடியமர்த்தப்பட்டனர். பழைய ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களது நீண்ட காலக் கோரிக்கை. அதே தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று பெரும் திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. திட்டம் தேவையா, இல்லையா என்ற வாதம் தனி. ஆட்டக்களம் இருந்த கடற்கரை போய்விட்டால் அந்தக் களத்துக்குரிய பாட்டு வேறு கரையில் தானாக முளைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

மேடையில் ஒரு பெயர்

மறுபடி போர்ட் பிளேர். தீவு சுற்றுலா விழாவில் ராஞ்சி ஆட்டமும் நிகோபாரி ஆட்டமும் வங்காளப் பாட்டும் தமிழ்நாட்டுக் கரகமும் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஏறும். தென்னங்குருத்துப் பாவாடை கட்டிய நிகோபாரிப் பெண்கள் வட்டமாக ஆடுவதைப் பார்த்துப் பயணிகள் கைதட்டுவார்கள். செல்லுலார் ஜெயிலில் இரவு ஒலி-ஒளிக் காட்சி. அரசமரம் ஒன்று கைதிகளின் கதையைச் சொல்லும். அந்தக் கதையில் வீரர்களுக்குப் பெயர் இருக்கிறது. பாட்டு மேடையில் பெரும்பாலும் ஆட்டத்தின் பெயரும் இனத்தின் பெயரும்தான் சொல்லப்படும்.

உலகின் மற்ற தீவுகள் இதைக் கொஞ்சம் முன்னதாகவே கற்றுக்கொண்டன. ஆஸ்திரேலியாவின் டிம் கோலும் தைவானின் பாவ்பாவ் சென்னும் 'ஸ்மால் ஐலண்ட் பிக் சாங்' என்ற பெயரில் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் 16 நாடுகளின் தீவுகளுக்குப் போனார்கள். 2018-ல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. மடகாஸ்கரின் சம்மி, சரவாக்கின் அலெனா முராங் என்று ஒவ்வொருவரும் தங்கள் மொழியில், தங்கள் கருவியோடு, தங்கள் கரையில் நின்று பாடினார்கள். ஒரு தீவின் பாட்டின் மேல் அடுத்த தீவின் தாளம் ஏறியது. கலப்பு அங்கேயும் உண்டு. கலந்தவர்கள் மேடையிலும் நின்றார்கள் என்பதுதான் வித்தியாசம்.

போவா சீனியரின் பாட்டை நாளை யாராவது தாளம் சேர்த்து வெளியிடலாம். நன்றாகவும் இருக்கலாம். போர்ட் பிளேரில் வளரும் மாபெரும் அந்தமானியக் குழந்தை ஒன்று அதைக் கேட்டு, தன் பாட்டியின் மொழி என்று தெரிந்து, தானும் ஒன்று கட்டிப் பாடினால் இன்னும் நன்றாக இருக்கும். அந்தக் குழந்தை இந்தியில்கூடப் பாடட்டும். அவர்கள் முன்னோர் வகுத்த விதிப்படி அதுதான் சரி: பழைய பாட்டைத் திருப்பிப் பாடுவதல்ல, புதுப்பாட்டைத் தானே கட்டுவது.

அதுவரை, பழமையும் புதுமையும் கலந்த இசை என்று எங்கே எது ஒலித்தாலும் கேட்பவர் ஒரு கேள்வி கேட்கலாம். எந்த நாடு, எந்த இனம் என்பதல்ல. அந்தமானில் ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு அவசியமே இருந்ததில்லை. எல்லோருக்கும் பதில் தெரியும்.

பலகையை மிதித்தவர் யார்?